கேட்டுப் பதியப்படல் வேண்டும்

எங்கள் நெல் ஆலையின் வெளிச்செல்லல் பதிவேட்டில் ஆறு நிரல்கள் இருந்தன. திகதி, லொறி இலக்கம், சாரதி பெயர், வெளியேறிய நேரம், சேருமிடம், ஒப்பம். ஆறுக்கும் கோடு போட்டவன் நான். மற்ற நிரல்களை எல்லாம் வாசல் மேற்பார்வையாளராக இருந்த பெண் முத்து முத்தாக நிரப்பி வைத்திருப்பார். சேருமிடம் என்ற நிரலில் மாத்திரம், மூன்று வருடங்களாக, மூன்று சொற்கள்தான் மாறி மாறி வந்தன. "கிட்டடி", "தூரம்", "கனதூரம்." மழைக்காலத்தில், வீதி எப்படி இருக்கும் என்று தெரியாத நாட்களில், "பாப்பம்" என்று நாலாவதாக ஒன்று.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் அந்தப் பெயரால் அவரை அறிந்தவர்கள் அவருடைய தாயாரும் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரும் சம்பள இடாப்பு எழுதிய நானுமாகத்தான் இருக்கும். ஆலையில் எல்லோருக்கும் அவர் வாசலக்கா.

ஆலை சாவகச்சேரிக்குக் கிழக்கே, கண்டி வீதியிலிருந்து அரைக் கட்டைத் தூரம் உள்ளே, தென்னங்காணிகளுக்கு நடுவில் இருந்தது. வன்னியிலிருந்து நெல் வரும். தொட்டியில் ஊறும், அவியும், சீமெந்துக் களத்தில் காயும், அரிசியாகி வெளியே போகும். நான் அங்கே நிர்வாக உத்தியோகத்தர். நெல்லைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நெல்லைப் பற்றிய சுற்றுநிருபங்கள் அத்தனையும் தெரியும். காலம் எண்பதுகளின் நடுப்பகுதி. ஆனையிறவு இராணுவ முகாமைத் தாண்டிப் போய்வருவது ஒரு தொழிலாகவே இருந்த காலம்.

ஒன்பது லொறிகள், ஒன்பது றைவர்மார். எந்த ஊரில் சூடு மிதித்து நெல் ஆயத்தமாக இருக்கிறதோ அந்த ஊருக்கு லொறி போகவேண்டும். அது எந்த ஊர் என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. கிளிநொச்சிப் பக்கத்தில் நெல் சேர்க்கிறவர்கள் முதல்நாள் பின்னேரமே றைவர்மாரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிடுவார்கள். ஆகவே எந்த லொறி எங்கே போகிறது என்று ஆலை அறிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது: காலையில் வாசலில் வைத்துக் கேட்பது. இதற்காக நான் ஓர் அறிவுறுத்தல் வரைந்து, தட்டச்சு செய்வித்து, வாசல் கொட்டிலில் ஒட்டுவித்திருந்தேன். "வெளியேறும் ஒவ்வொரு சாரதியினதும் சேருமிடம் கேட்டுப் பதியப்படல் வேண்டும். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் ஆகாது." இரண்டே வாக்கியம். என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதியவற்றுள் மிகச் சுருக்கமானது. அதனால் அதன்மேல் எனக்கு ஒரு பிரியமும் இருந்தது.

வாசலக்கா கேட்கமாட்டார்.

புறப்படுகிற ஆளை மறித்து எங்கே என்று கேட்பது கூடாது என்பது எங்கள் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். நானும் வீட்டில் கேட்பதில்லை, மனைவி சந்தைக்குப் புறப்பட்டாலும் "தூரமோ?" என்றுதான் கேட்பேன். ஆனால் வீட்டில் உள்ளதை வீட்டில் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வரவேண்டும் என்பது என் கட்சி. வாசலக்கா குருநகர்க் கடற்கரையில் வளர்ந்தவர். அங்கே வள்ளம் தள்ளுகிறவனை எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் அவன் வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவானாம். கேட்டவர் அன்று முழுவதும் ஒருவர் முகத்திலும் விழிக்காமல் இருப்பாராம். அந்தக் கரையையே அவர் எங்கள் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாசலுக்கு வெளியே உப்புத் தண்ணீர் இல்லை, தென்னை மரம்தான் நிற்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் தென்னை மரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

மற்ற விஷயங்களில் அவரைப் போல் ஒரு மேற்பார்வையாளரை நான் கண்டதில்லை. சாவகச்சேரியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். காலை ஐந்தரைக்கெல்லாம் சைக்கிளில் வந்து இறங்குவார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்பது லொறியின் ரயரையும் ஒரு தடியால் தட்டிப் பார்ப்பார். பிறகு சாவிப் பலகையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்கு முன்னால் நிற்பார். சாவியை எவருடைய கையிலும் கொடுக்கமாட்டார். நாலு முழத்துக்கு அப்பால் நிற்பவருக்கு எறிவார். பிடித்தவருக்கு லொறி. பிடிக்கத் தவறியவர், முதல்நாள் இரவு எந்தக் கள்ளுத் தவறணையில் எவ்வளவு நேரம் இருந்தார் என்ற விசாரணை ஏதுமில்லாமல், அன்று முழுவதும் களஞ்சியத்தில் சாக்குத் தைக்கவேண்டும். எவரும் எதிர்த்துக் கதைத்ததில்லை. விழுந்த சாவியை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊசியைத் தேடிப் போவார்கள். இதே காரியத்துக்கு என்னிடம் ஏழு பந்திகள் கொண்ட ஓர் ஒழுக்காற்று நடைமுறை இருந்தது. அதை ஒருமுறைகூடப் பாவிக்கக் கிடைக்கவில்லை.

அவர் கத்தோலிக்கர், றைவர்மாரில் அநேகர் சைவர்கள். லொறிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துவார்கள். ஈரமான நாட்களில் நெருப்புப்பெட்டி பற்றாது. அப்போது அவருடைய மேசை லாச்சியிலிருந்து கற்பூரமும் காய்ந்த நெருப்புப்பெட்டியும் வரும். இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு செபமாலையும் கிடக்கும். கற்பூரம் எரிந்து முடியும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு, "என்ன அண்ணை, கனதூரமோ?" என்பார். "ஓம், தங்கச்சி, கனதூரம்," என்பார் றைவர். "போயிட்டு வாங்கோ." லொறி போய்விடும். பதிவேட்டில் "கனதூரம்" ஏறிவிடும். என் நிரல் பாழ்.

அவருடைய முதலாவது வருடத்தில் ஒருநாள் நான் பொறுமை இழந்து, காலை ஆறு மணிக்கு நானே வாசலில் போய் நின்றேன். முதலாவதாக வந்தது கனகு அண்ணையின் லொறி. றைவர்மாரில் மூத்தவர் அவர். முப்பது வருடமாக ஸ்ரியறிங் பிடித்தவர். நான் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, முறைப்படி, "கனகு, எங்கை போறீர்?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்ஜினை நிற்பாட்டினார். இறங்கினார். நடந்துபோய்க் குழாயடியில் இரண்டு கை தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து நெல்மூட்டை ஒன்றின்மேல் ஆறுதலாக இருந்து, ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். மறித்துக் கேட்டால் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, இருந்து எழும்பி, புதிதாகப் புறப்படவேண்டும் என்பது அந்த முறையின் இரண்டாம் பாகம். எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு சுருட்டு முழுவதும் எரிந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

நான் விடவில்லை. விதி எல்லோருக்கும் பொது என்று அடுத்தவரையும் கேட்டேன். அவரும் இறங்கினார். ஒன்பது மணிக்கு வாசலுக்கு உள்ளே ஆறு லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மூட்டைகளின்மேல் ஆறு பேர் வரிசையாக இருந்தார்கள். எல்லோரும் மிகவும் மரியாதையாக எனக்கு எழும்பி இடம் கொடுத்தார்கள். ஆனையிறவில் வரிசை நீண்டு, அன்று நாலு லொறி நெல் வந்து சேரவில்லை. கொதிகலன் அடுத்தநாள் அரை நாள் சும்மா கிடந்தது. வாசலக்கா கொட்டிலுக்குள் நின்று ரயர் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

தாமதத்துக்கு விளக்கம் கோரவேண்டிய உத்தியோகத்தர் நான். விளக்கம் தரவேண்டிய உத்தியோகத்தரும் நான். எனக்கு நானே கடிதம் எழுதி, நானே பதில் எழுதி, பதில் திருப்தியாக இருக்கிறது என்று நானே குறிப்பிட்டுக் கடிதக் கோவையில் போட்டேன்.

பிறகு அவரிடமும் முறைப்படி விளக்கம் கோரினேன். சேருமிடம் ஏன் கேட்டுப் பதியப்படவில்லை, ஏழு நாட்களுக்குள் பதில் தருக. அன்று பின்னேரமே பதில் வந்தது. அழகான கையெழுத்தில் ஒரு வரி: "ஐயா, வழியில் கேட்பவர்களே போதும்."

நான் அவரைக் கூப்பிட்டேன். இது பதிலா என்று கேட்டேன். அவர் கதிரையில் இருக்கவில்லை. எப்போதும் நின்றபடிதான் கதைப்பார்.

"சேர், இஞ்சையிருந்து கிளிநொச்சி போறதுக்கிடையிலை எத்தினை பேர் மறிச்சுக் கேக்கினம் எண்டு தெரியுமோ? சந்திக்குச் சந்தி ஆக்கள் நிக்கினம். ஆமி உடுப்புப் போட்டவையும் நிக்கினம், போடாதவையும் நிக்கினம். ஆனையிறவிலை 'கொஹெத யன்னே' எண்டு சிங்களத்திலை கேக்கிறான். அங்காலை போக, 'எங்கை அண்ணை போறியள்' எண்டு கேக்கினம். ஆர் கேட்டாலும் கையிலை துவக்கோடைதான் கேக்கினம். காலமை வீட்டை விட்டு வந்த மனுசனை ஒரு இடத்திலையாவது ஒருத்தர் கேக்காமல் விடவேணும். அது எங்கடை வாசலா இருக்கட்டும்."

இதற்கு என்னிடம் ஒரு சுற்றுநிருபமும் இல்லை. கடிதத்தைக் கோவையில் போட்டு, "பார்த்தேன்" என்று எழுதினேன்.

கேட்காதவருக்கு ஒன்றும் தெரியாது என்று எவரும் நினைத்துவிடக்கூடாது. ஒரு மார்கழியில், மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, ராசன் என்ற இளம் றைவரின் லொறி பின்னேரம் திரும்பவில்லை. அடுத்தநாள் காலையும் இல்லை. முகாமையாளர் என்னிடம் கேட்டார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். "கனதூரம்." கனதூரம் என்பது பரந்தனிலிருந்து மன்னார்வரை எங்கும் இருக்கலாம். பதிவேட்டைக் கையில் தூக்கிக்கொண்டு, இன்றைக்கு அகப்பட்டுக்கொண்டார் என்ற ஒரு சிறிய திருப்தியோடு, வாசலுக்குப் போனேன். ராசன் எங்கே என்று கேட்டேன்.

"முழங்காவில் றோட்டிலை, சேர். பூநகரி தாண்டி அந்த வெட்டைக்குள்ளை லொறி புதைஞ்சிருக்கும். ரக்டரும் இரண்டு கயிறும் அனுப்புங்கோ."

உமக்கு எப்படித் தெரியும் என்றேன். ராசன் இரண்டு கான் நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார். குடிதண்ணீர் இல்லாத பக்கம் பூநகரிப் பக்கம்தான். மேலதிகமாக ஒரு கயிறு வாங்கிக்கொண்டு போனானாம். அங்கே மூட்டைக்கு இரட்டைக் கட்டுப் போடாவிட்டால் பள்ளத்தில் விழுந்துவிடும். இவ்வளவும் எனக்கு விளங்கியது. முழங்காவில் என்று எப்படிச் சொல்கிறீர் என்றேன்.

"சேட்டு ஸ்திரி போட்டிருந்தவன், சேர்."

"அதுக்கு?"

"முழங்காவிலிலை ஒரு பிள்ளையைப் பாத்து வைச்சிருக்கிறான். மற்ற ஊருக்கெல்லாம் அவன் கசங்கின சேட்டோடைதான் போறவன்."

ரக்டர் போனது. வெட்டையில், அச்சுவரை சேற்றில், லொறி புதைந்திருந்தது. ராசன் புதையவில்லை. அரைக் கட்டை தள்ளி ஒரு வீட்டில், மழைக்கு இதமாக, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். ஊரின் பெயர் எழுத என் நிரலில் இடமிருந்தது. ஸ்திரி போட்ட சேட்டு என்று எழுத இடமில்லை. அடுத்த பதிப்பில் அகலமாகக் கோடு போடலாமா என்று ஒரு கணம் யோசித்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இப்படியே மூன்று வருடம் போனது. குறை சொல்ல ஒன்றுமில்லாத வருடங்கள். வெளியே நடந்தவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், என் உத்தியோக காலத்திலேயே நிம்மதியானவை என்றுகூடச் சொல்வேன். காலையில் ஒன்பது லொறி போகும், பின்னேரம் ஒன்பது லொறி வரும். களத்தில் நெல் காயும் வாசம் அலுவலகத்துக்குள் வரும். எதிரே வாசலக்கா ஒருவரைச் சாக்குத் தைக்க அனுப்பிக்கொண்டிருப்பார்.

ஆனால் மூன்று வருடம் முடிந்தால் தற்காலிக உத்தியோகத்தரை நிரந்தரமாக்கவேண்டும், அல்லது நிற்பாட்டவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்து, வாசலக்கா வேலை செய்வதை நேரில் பார்த்து, பதிவேட்டைச் சரிபார்த்துப் போகவேண்டும். பதிவேட்டின் நிலை எனக்குத் தெரியும். நிரந்தரமாகாவிட்டால் அந்த இடத்துக்கு ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன் ஒருவர் ஆயத்தமாக இருந்தார். கேள்வி கேட்பதில் தேர்ந்தவர் என்று அவருடைய விண்ணப்பமே சொன்னது.

வாசலக்காவின் வீட்டு நிலைமையும் தெரியும். கடலில் இறங்கத் தடை வந்து, தகப்பனும் இரண்டு தம்பிமாரும் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். ஏழு பேர் சாப்பிடும் வீட்டில் வேலைக்குப் போனது அவர் ஒருவர்தான். நான் பரிசோதகர் வருவதற்கு முதல்நாள் அவரைக் கூப்பிட்டு, நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னேன். பழைய பக்கங்களுக்கு நான் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்வேன். நாளைக்கு, பரிசோதகர் முன்னால், ஒரேயொரு காலை மாத்திரம் கேட்டுப் பதிந்தால் போதும்.

"ஒருநாள்தானே, பிள்ளை," என்றேன்.

அவர் சொன்னார்: "ஒருநாள் கேட்டால் ஒரு லொறிதான் வராமல் விடும், சேர். அது ஆருடைய லொறி எண்டு நீங்கள் சொல்லுங்கோ. மற்ற எட்டுப் பேரையும் நான் கேக்கிறன்."

நான் சொல்லவில்லை. எவரால் சொல்லமுடியும்? ஒன்பது பேருடைய பெயர்களும் வரிசையாக மனத்தில் வந்தன. ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டிப் போனேன். அவர் எனக்காகக் காத்திருந்துவிட்டு, "அப்ப நான் வரட்டே, சேர்," என்று போய்விட்டார். அவருக்கு அன்று இரவு நித்திரை வந்திருக்காது. எனக்கும் வரவில்லை.

இந்தச் சங்கதி றைவர்மாருக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றும் தெரியாது. நான் சொல்லவில்லை, அவரும் சொல்லியிருக்கமாட்டார். என் அறைக்கும் தேத்தண்ணிக் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது என்பதை மாத்திரம் குறிப்பிடுகிறேன்.

பரிசோதகர் ஆறு மணிக்கே வந்துவிட்டார். மெலிந்த, மரியாதையான மனிதர். பண்டித பரீட்சை எழுதியவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த என் அறிவுறுத்தலை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி இரண்டு தரம் வாசித்தார். கொட்டிலில் கதிரை போட்டு அமர்ந்தார். வாசலக்கா பதிவேட்டை விரித்து, பேனையைத் திறந்து நின்றார். சாவி எறிந்தது எல்லாம் முடிந்திருந்தது. அன்று ஒருவர்கூடத் தவறவிடவில்லை.

கனகு அண்ணையின் லொறி வந்து வாசலில் நின்றது. வாசலக்காவின் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். என்ன சொல்ல இருந்தார் என்பதை அவர் பிறகும் எனக்குச் சொல்லவில்லை. அதற்குள் கனகு அண்ணை யன்னலால் தலையை நீட்டினார்.

"தங்கச்சி, நான் விசுவமடுவுக்குப் போறன். எழுதும்."

முப்பது வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து "போறன்" என்ற சொல் வந்ததை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். செத்த வீட்டிலிருந்து எழும்பும்போதுகூட "வாறன்" என்று வாய்தவறிச் சொல்லி ஏச்சு வாங்கியவர். வாசலக்கா அவரைப் பார்த்தார். லொறிக்குள் தொங்கிய சாப்பாட்டுப் பையைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து, "விசுவமடு" என்று எழுதினார்.

அடுத்தது ராசன். "அக்கா, எனக்கு இண்டைக்கு அக்கராயன்." அவனுக்குப் பின்னால் வந்தவர் "மாங்குளம், பிள்ளை," என்றார். முழங்காவில், தர்மபுரம், பரந்தன். பாடசாலையில் இடாப்புக் கூப்பிடும்போது சொல்வதுபோல ஒருவர்பின் ஒருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இருபது நிமிடத்தில் ஒன்பது லொறியும் வெளியே. ஒன்பது ஊர்கள், கையெழுத்துப் போட்டி ஒன்றுக்கு எழுதியதுபோல, என் நிரலில் வரிசையாக இருந்தன. மூன்று வருடங்களில் முதல்தடவையாக ஒரு பக்கம் முழுமையாக நிரம்பியிருந்தது. என் கண் கொஞ்சம் கலங்கிவிட்டது. உமித் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

பரிசோதகர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். "பதிவு வலு திறம்," என்றார். பிறகு சுவரைப் பார்த்தார். "ஆனால் உங்கடை அறிவுறுத்தலிலை கேட்டுப் பதியவேணும் எண்டெல்லோ கிடக்கு. இவ ஒருத்தரையும் கேக்கேல்லையே?"

வாசலக்கா நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த அறிவுறுத்தலை எழுதிய ஆள் நான். அதற்குப் பொருள் சொல்லும் அதிகாரமும் விதிப்படி எனக்கே உரியது. அதை நான் அதுவரை எவருக்கும் நன்மை செய்யப் பாவித்ததில்லை.

"கேட்டவ," என்றேன்.

"எப்ப?"

"இப்பதான். நானும் பக்கத்திலை நிண்டு கேட்டனான். நீங்களும் கேட்டனீங்கள்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன, "சேருமிடம் கேட்டு" என்று தனக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று விளங்கியது. வினாவுதலும் கேட்டல், செவியால் கொள்ளுதலும் கேட்டல். நான் எழுதியபோது இரண்டாவது பொருளை நினைத்திருக்கவில்லை. தமிழ் நினைத்திருக்கிறது. பண்டித பரீட்சை எழுதிய ஒரு மனிதரால் அதைத் தட்டிவிட்டுப் போகமுடியவில்லை. இங்கிலிசில் எழுதியிருந்தால் வாசலக்கா அன்றே வீட்டுக்குப் போயிருப்பார்.

"சாரதி சொல்ல, இவ கேட்டு, பதிஞ்சிருக்கிறா," என்றார் மெல்ல. "வசனம் அப்பிடியும் நிக்கும்." பேனையை எடுத்துத் தன் அறிக்கையில் "விதிப்படி" என்று எழுதினார். பழைய பக்கங்களைப் புரட்டினார். "கனதூரம்" என்பதில் விரல் ஒரு கணம் நின்றது. நான் அவருக்குத் தேத்தண்ணி வந்துவிட்டது என்று சொன்னேன். போகும்போது, இன்றைய பக்கத்தின் உண்மைப் பிரதி ஒன்றைச் சிபாரிசோடு இணைத்து அனுப்பிவிடுங்கள் என்றார். அந்தப் பிரதியின் பலத்தில்தான் அடுத்த மாதம் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. நான் சொல்லவந்தது அதைப் பற்றியல்ல; அன்று பின்னேரத்தைப் பற்றி.

நாலரை மணிக்கு வாசலக்கா பதிவேட்டோடு என் அறைக்கு வந்தார். லொறிகள் எல்லாம் நெல்லோடு திரும்பியிருந்தன. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, பெருந்தன்மையாக அதைத் தடுக்க ஒரு வாக்கியம் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

"சேர், இந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதட்டோ?"

ஏன் என்றேன்.

"ஒருத்தரும் சொன்ன இடத்துக்குப் போகேல்லை."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் விபரமாகச் சொன்னார். கனகு அண்ணை விசுவமடு என்று சொல்லிவிட்டுப் போனது மாங்குளத்துக்கு. மாங்குளம் என்றவர் போனது அக்கராயனுக்கு. அக்கராயன் என்ற ராசன் போனது, ஸ்திரி போட்ட சேட்டோடு, முழங்காவிலுக்கு. புறப்படும்போது தன்னுடைய வழியைத் தன் வாயால் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. வாசலக்காவைக் கைவிடவும் மனம் வரவில்லை. அதனால் விடியவே கூடி, ஒருவருடைய ஊரை மற்றவர் சொல்வதென்று தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்களாம்.

"மொத்தமாப் பாத்தால் பொய்யில்லை, சேர். ஒன்பது ஊரும் சரி. ஆள்தான் மாறி."

"எழுதேக்கை உமக்குத் தெரியுமோ?"

"கனகண்ணை சொல்லேக்கையே தெரியும். விசுவமடுவுக்கு அவர் ஒரு நாளும் இரண்டு நேரச் சாப்பாடு கட்டிறேல்லை." அவர் பதிவேட்டை என் மேசையில் வைத்தார். "தெரிஞ்சுகொண்டு எழுதினது எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. வேலை போனாலும் பறவாயில்லை, சரியா எழுதிவிடுறன்."

மூன்று வருடமாக நான் உண்மையான, நிரம்பாத பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழுமையான பக்கத்துக்காக இந்தப் பெண்ணோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் கிடைத்தது. அதில் ஒரு வரிகூட உண்மையில்லை.

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் ஆகாது என்று சொன்னேன். அதுவும் சுவரில் ஒட்டியிருக்கிறது. அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் கிடையாது. பிரதி எடுக்கும்படி தட்டச்சு எழுதுநரிடம் பக்கத்தைக் கொடுத்தேன். கால் மணித்தியாலத்தில் வந்தது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அடியில் "உண்மைப் பிரதி" என்ற முத்திரையைக் குத்தி, ஒப்பமிட்டு, திகதியும் போட்டேன். வாசலக்கா மேசைக்கு எதிரே நின்று அதைத் தலைகீழாக வாசித்தார்.

"உண்மைப் பிரதி எண்டு போட்டிருக்கிறியள், சேர்," என்றார்.

"பிரதி உண்மைதான், பிள்ளை," என்றேன். "மூலத்தைப் பற்றி நான் ஒண்டும் எழுதேல்லை."